அடிபம்பில் பூட்டிய வண்டி

எங்கள் குடியிருப்பில் முதன்முதலில் பூட்டு வாங்கியவள் என் அண்ணி கல்பனா. அதற்கு முன்னால் பூட்டி வைக்கும்படி எங்களிடம் எதுவும் இருந்ததில்லை. சாலவாக்கம் பக்கத்தில் ஒரு பெரிய ஏரி. அதன் கரை மேலேயே நடந்து வந்தால் ஊர் முடிந்து, ஊர்க்காரர்களின் நெல் வயல் முடிந்து, ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிகிற கலங்கலைத் தாண்டியதும் வருகிற இருளர் வீடுகள்தான் நாங்கள். வீடுகளுக்குக் கதவு உண்டு. ஆடு உள்ளே புகாமல் இருக்கக் கதவுக்கு ஒரு கயிறும் உண்டு. ஒருத்தி வீட்டில் உப்பு தீர்ந்தால் பக்கத்து வீட்டுக்குள் போய் எடுத்துக்கொள்வாள், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அப்படிப்பட்ட இடத்துக்குள் பூட்டோடு வந்தால் என்ன ஆகும் என்று அண்ணி யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் வாங்கித்தான் இருப்பாள். அவள் சுபாவம் அப்படி.

அண்ணிக்கு முப்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, பேச்சு கம்மி, பிடிவாதம் ஜாஸ்தி. என் அண்ணன் ஏகாம்பரத்தைக் கட்டிக்கொண்டு வாலாஜாபாத் பக்கத்திலிருந்து வந்தவள். அவளுடைய அம்மாவும் அப்பாவும் அங்கே ஒரு அரிசி ஆலையில் நெல் அவித்தவர்கள். அவளும் வளர்கிற வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் களத்தில் காலால் நெல் துழாவியவள்தான். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்குள் வந்த அன்றைக்கே, இனிமேல் இன்னொருத்தர் களத்தில் போய் நிற்க மாட்டேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டாளாம். அண்ணன் அதற்கும் சரி என்றான். அவன் எதற்கும் சரி என்கிற ஆள்.

எங்கள் பெண்களுக்கு ஏரியில் இறங்கிக் கையாலேயே மீன் பிடிக்கத் தெரியும். கெண்டை, ஜிலேபி, சேற்றோரமாகப் போனால் விரால். பிடித்ததைக் கரையில் வந்து நிற்கிற ஒரு வியாபாரியிடம் கொடுத்துவிட்டு, அவன் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வருவது வழக்கம். அண்ணி வந்த பிறகுதான், நாமே கொண்டு போய்த் தெருத் தெருவாக விற்றால் என்ன என்ற கேள்வி எழுந்தது. எல்லாருடைய மீனையும் அன்னக்கூடையில் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் மீன் கூடையைப் பார்க்கிற பார்வைக்கு, டிக்கெட் கொடுத்தே போயிருக்கலாம் என்று தோன்றும். பாதி நாள் நடந்தே போவாள். வெயில் ஏறுவதற்குள் மீன் நாறிப்போகும்.

அப்புறம்தான் வண்டி வாங்கினாள். எல்லாரும் ஸ்கூட்டி வாங்கச் சொன்னார்கள். ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஏரிக்கரை மேட்டில் ஸ்கூட்டி முக்கும் என்று சொல்லி, வாலாஜாபாத்தில் ஒரு மெக்கானிக்கிடம் கியர் போட்டு ஓட்டுகிற பழைய மோட்டார் சைக்கிளாகப் பார்த்து எடுத்தாள். ஆர்.சி.யில் தன் பேரை ஏற்றாமல் வண்டியைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மெக்கானிக் பேஜாராகிப் போனான். பழைய வண்டியை யாரும் அப்படிக் கேட்டு வாங்குவதில்லையாம். இவள் அவன் கடை வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். பேர் மாறியது.

சித்திரையில் ஏரி வற்றியதும் வெடித்துக் கிடந்த ஏரித் தரையில் அண்ணி வண்டி ஓட்டப் பழகினாள். விழுந்தாள், எழுந்தாள், சைலன்சரில் கால் வெந்தது. பின்னால் உட்காரச் சொன்னால் அண்ணன் வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில், எட்டுப் போட வரிசையில் நின்ற பையன்கள் இவளைப் பார்த்துத் தங்களுக்குள் சிரித்தார்களாம். அவர்களில் ரெண்டு பேர் காலை ஊன்றினார்கள். அண்ணி ஊன்றவில்லை. இதை அவள் என்னிடம் சொல்லவில்லை, கூடப் போன அண்ணன் சொன்னான். அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தால், இவனே எட்டுப் போட்டான் என்று நினைப்பீர்கள்.

வண்டி வந்ததும் அது எங்கள் எல்லாருடைய வண்டியாகவும் ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாளுக்குப் பிரசவ வலி எடுத்தபோது அதில்தான் உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். குழந்தைகள் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு வாயாலேயே மெட்ராஸ் வரைக்கும் ஓட்டினார்கள். சிட்டம்மா சின்னம்மா தினம் காலையில் குளித்துவிட்டு, பிழிந்த புடவையை அதன் சீட்டில்தான் விரித்துப் போடுவாள். இந்தச் சின்னம்மா என் அம்மாவின் தங்கை. எங்கள் குடியிருப்பில் வாயில் கொஞ்சம் காரம் கூடினவள். என் வாயும் அவளிடமிருந்து வந்ததுதான் என்பார்கள்.

இப்படி இருக்கும்போது ஊரில் வண்டிகள் திருடு போக ஆரம்பித்தன. சாலவாக்கத்தில் ஒரு கல்யாண மண்டப வாசலில் ஒன்று போனது. மோட்டார் போடக் கழனிக்குள் போனவர், சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போய்த் திரும்புவதற்குள் இன்னொன்று போனது. ஊரில் எது காணாமல் போனாலும் முதலில் எங்கள் பக்கம்தான் ஆள் வரும். கோழி போனாலும் வரும், மோட்டார் ஒயர் போனாலும் வரும். வந்து எதுவும் கேட்கமாட்டார்கள். வீடுகளுக்கு நடுவில் ஒரு சுற்று நடந்துவிட்டுப் போவார்கள். அந்த நடை எங்களுக்குப் பழக்கம்தான். பழகிவிட்டால் வலிக்காது என்று யாராவது சொன்னால் அவரை என்னிடம் அனுப்புங்கள்.

ஒரு நாள் மத்தியானம், உத்திரமேரூரில் நான் வேலை பார்க்கிற ஜவுளிக்கடை வாசலில் வந்து அண்ணி நின்றாள். பூட்டு வாங்க வேண்டும், கூட வா என்றாள். பஜார் தெருவில் ஸ்ரீகாந்த் என்பவர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் அங்கே போனோம்.

வண்டியின் சைடு லாக் இருக்கிறதே, அது போதாதா என்றார் அவர். காலை வைத்து ஹேண்டிலை ஒரு உதை உதைத்தால் அது உடைந்து போகும் என்று அவரே அதற்குப் பதிலும் சொன்னார். அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். நம்பர் வைத்துத் திறக்கிற ஒயர் பூட்டு ஒன்று, பார்க்கப் பளபளவென்று இருந்தது. இதை எதைக் கொண்டு வெட்டுவார்கள் என்று அண்ணி கேட்டாள். கட்டிங் பிளேயர் என்றார். அது தள்ளிப் போயிற்று. டிஸ்க்கில் மாட்டுகிற பூட்டு ஒன்று. எங்கள் வண்டி பழசு, அதில் டிஸ்க் கிடையாது. கனமான சங்கிலி ஒன்று தொங்கியது. அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தாள். எதை எடுத்தாலும், இதை எப்படி உடைப்பார்கள் என்றே கேட்டுக்கொண்டிருந்தாள். திருட வந்தவள் மாதிரி கேட்கிறாயே அம்மா என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. அண்ணி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைசியில் அவர் ஒரு பூட்டை எடுத்து மேஜையில் வைத்து விரலால் தட்டினார். அது போட்ட கூச்சலில் எதிர்க் கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். உள்ளே பேட்டரி இருக்கிறது. சக்கரத்துக் கம்பிகளுக்கு நடுவில் மாட்டி விட்டால், வண்டியை யாராவது அசைத்ததும் அலறும். அண்ணியின் கண் அதில் நின்றுவிட்டது.

“இதான் வேணும். கத்துனா நம்ம ஆளுங்க ஓடியாந்துருவாங்கோ. அத்த விட இன்னா பூட்டு கீது?”

திரும்பி வரும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, இத்தனை பயம் எதற்கு என்று அவளிடம் கேட்டேன். அண்ணி வழக்கமாக ஒரு வார்த்தையில் பதில் சொல்கிற ஆள். அன்றைக்கு வண்டியின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பேசினாள்.

“தமிழு, ஊர்க்காரன் வண்டி காணாம போனா நம்மளத்தான் கேப்பாங்கோ. நம்ம வண்டி காணாம போனாலும் நம்மளத்தான் கேப்பாங்கோ. இவங்களே வித்துட்டு வந்து கத கட்றாங்கோன்னு சொல்லுவாங்கோ. நம்ம கிட்ட ஒண்ணு திருடு போச்சின்னா அத்த நம்புறதுக்கு ஆள் கெடையாது. அதனால அது திருடு போவவே கூடாது.”

எனக்கு அது நியாயமாகப் பட்டது. இன்றைக்கும் நியாயம்தான். ஆனால் மறுநாள் காலையில் நடந்ததுதான் வேறு.

சிட்டம்மா சின்னம்மா குளித்துவிட்டுப் புடவையைப் பிழிந்து எடுத்து வந்தாள். வழக்கம் போல வண்டிச் சீட்டில் விரித்துப் போட்டாள். பூட்டு அலறியது. அண்ணி சொன்னது சரிதான், எங்கள் ஆட்கள் ஓடித்தான் வந்தார்கள். கையில் கிடைத்த கழி, துடைப்பம், மீன் கூடை எல்லாவற்றோடும் வந்தார்கள். வந்து பார்த்தால், நடுவில் சின்னம்மா ரெண்டு கையையும் வண்டியிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பூட்டு அவளைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருக்கிறது. யாரோ சிரித்துவிட்டார்கள். அண்ணி சாவியோடு ஓடி வந்து அதை நிறுத்துவதற்குள் சின்னம்மாவின் முகம் கறுத்துப் போயிற்று.

“இத்தினி நாளா ஊர்க்காரன் சொன்னான். இப்ப நம்ம வூட்டு இரும்பே சொல்லுது.”

இதைச் சொல்லிவிட்டு ஈரப் புடவையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த வார்த்தைக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் கோபம் வந்தது. பூட்டு வாங்கக் கூடப் போனவள்தான் நான். அதற்காகக் கோபம் வரக்கூடாதா? எங்கள் இடத்தில் எங்களைத் தொட்டதற்கெல்லாம் திருடி என்று அலறுகிற ஒன்றை வைத்துக்கொண்டு எப்படிக் குடும்பம் நடத்துவது? அதைக் கழற்று என்று அண்ணியிடம் நேராகவே சொன்னேன். பழகிக்கொள்வார்கள் என்றாள். பேசிப் பேசி என் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

அதற்கப்புறம் அந்த வண்டி தனியாக நின்றது. குழந்தைகளை அம்மாக்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். ஆடு உரசினால் கத்தும், கோழி ஏறினால் கத்தும், காற்றில் முருங்கைக் கிளை ஒடிந்து விழுந்தால்கூடக் கத்தும். ஒவ்வொரு தடவையும் அண்ணி ஓடி வந்து நிறுத்துவாள். நிறுத்திவிட்டு நிமிர்ந்தால் எல்லாரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அதோடு விட்டார்களா? மீனை நிறுத்திவிட்டார்கள். சின்னம்மா முதலில் நிறுத்தினாள், பின்னாலேயே மற்றப் பெண்களும் நிறுத்தினார்கள். பிடித்த மீனை முன்னைப் போலவே கரையில் நிற்கிற வியாபாரியிடம் கொண்டு போய்க் கொட்டினார்கள். அவன் கொடுக்கிறது குறைவு என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் கொட்டினார்கள். ரோஷம் வந்துவிட்டால் எங்கள் ஆட்கள் நஷ்டத்தைப் பார்க்கமாட்டார்கள். அண்ணியும் அண்ணனும் இறங்கிப் பிடிக்கிற மீன் ஐஸ் பெட்டியின் அடியை மறைக்கவே காணாது. அதை எடுத்துக்கொண்டு போனால் பெட்ரோலுக்கே சரியாகப் போய்விடும்.

இதில் என்ன போகும் என்று அண்ணிக்கு நன்றாகத் தெரியும். வியாபாரம் நின்றால் வண்டி எதற்கு? வண்டி போனால் அப்புறம் இருக்கவே இருக்கிறது அரிசி ஆலை. ஆலைக்கு ஆள் பிடிக்கிற ஒருவன் அந்த வாரத்திலேயே எங்கள் பக்கம் வந்து, அண்ணனிடம் நலம் விசாரித்துவிட்டுப் போனான். புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் வந்தால் தங்க இடம் தருவார்கள் என்றானாம். அண்ணன் அதை வீட்டில் வந்து சொன்னபோது அண்ணி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். பிசைந்த சோறு தட்டிலேயே இருந்தது. கை கழுவிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஒரு நாள் வெயில் உச்சியில், அண்ணி ஏரிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். எனக்குக் கடை விடுமுறை, கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வண்டி கத்துகிற சத்தம் கேட்டது. எப்போதும் ஓரிரு தடவை கத்தி ஓய்கிற பூட்டு, அன்றைக்கு விடாமல் கத்தியது. அண்ணி தண்ணீரைத் தள்ளிக்கொண்டு கரையேறி, ஈரப் பாவாடையோடு ஓடினாள். பின்னாலேயே நானும் ஓடினேன். ஒன்றுமில்லை. காளை ஒன்று வண்டியில் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

அண்ணி காளையை விரட்டினாள். பூட்டை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்று எல்லாரையும் பார்த்தாள். பிறகு குனிந்து சக்கரத்திலிருந்து பூட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, புடவை மாற்றினாள், வண்டியை எடுத்தாள், உத்திரமேரூருக்குக் கிளம்பினாள். கேட்காமலே நானும் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

பூட்டைப் பார்த்ததும் ஸ்ரீகாந்த், ஏன், கத்தவில்லையா என்று கேட்டார்.

“கத்துது,” என்றாள் அண்ணி. “யாரும் வரல.”

அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் அந்தத் தொங்குகிற சங்கிலியைக் காட்டினேன். அண்ணி இந்தத் தடவை எதையும் தட்டிப் பார்க்கவில்லை, எப்படி உடைப்பார்கள் என்றும் கேட்கவில்லை. சங்கிலியை ரெண்டு கையாலும் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அதற்குத் தோதாக ஒரு பெரிய பூட்டும் கொடுத்தார், மூன்று சாவியோடு. சும்மா சக்கரத்தில் மட்டும் சுற்றிப் பூட்டினால் வண்டியையே தூக்கி வேனில் ஏற்றிவிடுவார்கள் என்றும், தரையில் ஆழமாக இறங்கிய எதனோடாவது சேர்த்துப் பூட்ட வேண்டும் என்றும் சொன்னார். சங்கிலி தரையில் படக்கூடாது, பட்டால் கல் மேல் வைத்துச் சுத்தியலால் அடிக்க வாகாகிவிடும் என்றார். அண்ணி தலையாட்டிக்கொண்டாள்.

எங்களிடத்தில் தரையில் ஆழமாக இறங்கியது என்ன இருக்கிறது? வேப்பமரம் உண்டு, அதனடியில் கன்னியம்மன் இருக்கிறாள், அங்கே சங்கிலி கட்ட முடியாது. வீட்டுத் தூண்கள் எல்லாம் கழிகள். மிச்சம் இருந்தது அடிபம்பு ஒன்றுதான். அது எல்லா வீடுகளுக்கும் நடுவில் இருக்கிறது. எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற இடம், எல்லாரும் வம்பு பேசுகிற இடம். சிட்டம்மா சின்னம்மாவின் வாசல் அதற்கு நேர் எதிரில்.

அண்ணி வண்டியை அங்கே தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினாள். சங்கிலியைப் பின்சக்கரத்தில் விட்டு, வண்டியின் இரும்புச் சட்டத்தில் சுற்றி, பம்பின் குழாயோடு சேர்த்துத் தரையில் படாமல் இழுத்துப் பூட்டினாள். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் மீன் நாற்றமா என்று ஒரு குரல் வந்தது. பெட்டியை மதகிலேயே கழுவிவிட்டுத்தான் இங்கே கொண்டு வருவேன் என்றாள். அன்றிலிருந்து அப்படியே செய்கிறாள். அப்புறம் ஒரு சாவியை எடுத்துக்கொண்டு நேராகச் சின்னம்மா வாசலுக்குப் போனாள். நாங்கள் எல்லாரும் குடத்தைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணி மன்னிப்பு கேட்பாள் என்று நினைத்தவர்கள் ஏமாந்துபோனார்கள்.

“அத்தே, இந்தப் பூட்டு கத்தாது. அதுக்கு வாயி இல்ல. நீதான் பாத்துக்கணும்.”

“நான் இன்னா உனுக்கு வாட்ச்மேனா?” என்றாள் சின்னம்மா.

“வண்டி காணாம போச்சின்னா எனுக்கு மட்டுமா போச்சி? ஏட்டு வந்து நின்னா எந்த வூட்ட விடப்போறாரு? சாவி உங்கிட்ட இருக்கட்டும். யாருக்கு வண்டி வேணும்னாலும் நீயே தொறந்து குடு.”

சின்னம்மா அந்தச் சாவியைப் பார்த்தாள். அவள் வயதுக்கு இதுவரை ஒரு சாவியும் அவள் கைக்கு வந்ததில்லை. வாங்கினாள். வாங்கி, இடுப்புக் கயிற்றில் கோத்து முடிச்சுப் போட்டாள். மறுநாள் அவள் பிடித்த மீன் அண்ணியின் பெட்டிக்கு வந்தது. அதற்கடுத்த நாள் பெட்டி நிரம்பியது.

சாவி கைக்கு வந்த பிறகு சின்னம்மாவின் தோரணையைப் பார்க்க வேண்டுமே. அண்ணன் வண்டியைத் துடைக்கப் போனால்கூட எதற்கு, எவ்வளவு நேரம் என்று கேள்வி கேட்டாள். பூட்டியதை ஒரு தடவைக்கு மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள். ஈரப் புடவை மறுபடியும் சீட்டில் காய்ந்தது. மூன்றாவது சாவியை அண்ணி தன் புருஷனிடம் கொடுத்தாள். அது ஏரிக்குள் போய்விட்டது. அவனை அறிந்தவர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏட்டு வந்தார். கூடவே ஊர்க்காரர்கள் ரெண்டு பேர். அவர்களில் ஒருவருடைய வண்டி முந்தின நாள் நெல் களத்திலிருந்து காணாமல் போயிருந்தது. வழக்கமான நடைதான் நடந்து வந்தார்கள். வந்தவர்கள் அடிபம்பின் முன்னால் நின்றுவிட்டார்கள்.

“இன்னா, இங்க வண்டி கீது?” என்றார் வண்டியைப் பறிகொடுத்தவர், ஏட்டைப் பார்த்து. இது அவருடைய வண்டி இல்லை என்று அவருக்கே தெரியும். நிறமே வேறு. ஆனாலும் கேட்டார்.

இது யாருடையது என்று ஏட்டு விசாரித்தார். கல்பனாவுடையது என்று சின்னம்மா சொன்னாள். கல்பனா எங்கே என்றார். ஏரிக்குள் அக்கரையோரம் நிற்கிறாள் என்றதும், வண்டியைத் திறந்து கொடுங்கள், ஸ்டேஷனுக்குக் கொண்டு போய் எஞ்சின் நம்பரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்த வேண்டிய அவசியம் எங்களிடம் அவர்களுக்கு எப்போதும் வந்ததில்லை. அண்ணியைக் கூட்டி வர அண்ணன் கரையோரமாக ஓடினான்.

சின்னம்மா பம்பு மேடையில் உட்கார்ந்தாள். சாவி என் இடுப்பில் இருக்கிறது, வண்டிக்காரி வராமல் திறக்கமாட்டேன் என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுவரை காக்கிச் சட்டைக்கு முன்னால் எங்களில் ஒருத்தரும் மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. பெண்கள் ஒவ்வொருவராக வந்து வண்டியைச் சுற்றி நின்றார்கள். கூப்பிடாமலே வந்தார்கள். நானும் போய்ச் சின்னம்மா பக்கத்தில் நின்றேன்.

வண்டியைப் பறிகொடுத்தவருக்குப் பொறுக்கவில்லை. கிட்டே வந்து சங்கிலியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். சங்கிலி அசையவில்லை, பம்பும் அசையவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு பெரிய சங்கிலியா, யாருக்குப் பயந்து இப்படிக் கட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

சின்னம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஊர்ல வண்டி காணாம போவுதுன்னு நீங்கதான நைனா சொல்றீங்கோ. எங்க காலனில இன்னி வரைக்கும் ஒரு குண்டூசி காணாம போவல. ஊர்லேந்து யாரனா வந்து தூக்கினு போய்ட்டா நாங்க யாருகிட்ட போய் கேக்குறது?”

ஏட்டு சட்டென்று திரும்பி ஏரியைப் பார்த்தார். சிரிப்பை அடக்கத்தான் என்று நான் நினைக்கிறேன். ஊர்க்காரர் சங்கிலியை விட்டுத் தள்ளிப் போய் நின்றார். அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் என் சின்னம்மாவுக்குக் கோயில் கட்டுவேன். என் பிள்ளைகளுக்கும் சொல்வேன், அவர்கள் பிள்ளைகளுக்கும் சொல்லச் சொல்வேன்.

அண்ணி வந்து சேர்ந்தாள். முழங்கால் வரை சேறு, கையில் செதில். பம்பை அடித்துக் கையைக் கழுவினாள். வீட்டுக்குள் போய் ஆர்.சி.யையும் லைசென்ஸையும் பிளாஸ்டிக் கவரோடு எடுத்து வந்து ஏட்டிடம் நீட்டினாள். அவர் பேரைப் படித்தார், போட்டோவைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். குனிந்து எஞ்சின் நம்பரைச் சரி பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் ஸ்டேஷனில் ஐயாவிடம் ஒரு தடவை காட்டிவிட்டால் இனிமேல் யாரும் வந்து கேட்கமாட்டார்கள் என்று, இந்தத் தடவை கொஞ்சம் மரியாதையாகவே சொன்னார். வண்டியை எடுத்து வர ஆள் அனுப்புகிறேன் என்றார்.

“ஆள் எதுக்கு சார்? என் வண்டி. நானே ஓட்டினு வரேன்,” என்றாள் அண்ணி.

தன்னிடமும் ஒரு சாவி இருந்தும் அவள் அதை எடுக்கவில்லை. சின்னம்மாவைப் பார்த்துத் தலையசைத்தாள். சின்னம்மா எழுந்து, இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, ஒரு அவசரமும் இல்லாமல் பூட்டைத் திறந்தாள். அண்ணி வண்டியை ஸ்டார்ட் செய்ததும் சங்கிலியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவள் எதற்கு என்று ஏட்டு கேட்டார். பூட்டு என் பொறுப்பு என்றாள்.

எங்கள் ஆட்கள் ஸ்டேஷனுக்குப் போகாதவர்கள் இல்லை. என் அப்பா போயிருக்கிறார், என் மாமா போயிருக்கிறார். எல்லாரும் ஜீப்பில் ஏற்றப்பட்டு, தலையைக் குனிந்துகொண்டு போனவர்கள். சொந்த வண்டியில், கையில் சொந்தப் பூட்டோடு, ஊர்த் தெருவின் நடுவாகப் போனவர்கள் இவர்கள் ரெண்டு பேர்தான். ஏட்டு தன் வண்டியில் முன்னால் போனார். பாதி வழியில் அண்ணி அவரை முந்திவிட்டாள் என்று சின்னம்மா இன்றைக்கும் சொல்கிறாள். அண்ணி இல்லையென்று சொன்னதில்லை.